எண்ணெயில் நனையும் பெல்ட்: ஃபோர்டு 1.0 எக்கோபூஸ்ட்

போன எபிசோடு வந்த மறுநாளே என் சித்தி பையன் போன் பண்ணான். "அண்ணா, ஒரு எக்கோஸ்போர்ட் பார்த்தேன், 2014 மாடல், எக்கோபூஸ்ட். விலை நம்பவே முடியல. வாங்கலாமா?" விலை ஏன் நம்ப முடியாத மாதிரி இருக்குன்னு யோசிச்சியாடான்னு கேட்டேன். அதுதான் இன்னிக்குப் பேச்சு.

முதல்ல இந்த இன்ஜினுக்கு உரிய மரியாதையைக் கொடுத்துடுவோம். ஃபோர்டோட டண்டன் ஆராய்ச்சி மையம் முக்கியப் பங்கு எடுத்து உருவாக்கினது. ஐரோப்பாவில் 2012-ல் ஃபோகஸ் காரில் வந்தது. ஒரு லிட்டர், மூணு சிலிண்டர், டர்போ, நேரடி இன்ஜெக்‌ஷன். பிளாக் ஒரு ஏ4 தாள் மேல நிக்கும்னு விளம்பரம் பண்ணாங்க, அது நிஜம்தான். 2012, 2013, 2014-னு மூணு வருஷம் வரிசையா 'சர்வதேச இன்ஜின்' விருதுல முதலிடம் இதுக்குத்தான்.

மூணு சிலிண்டர்னா இயல்பாவே ஆட்டம் இருக்கும். அதை அடக்க பேலன்ஸர் ஷாஃப்ட் போடுவாங்க, அதுக்கு எடை கூடும், உராய்வு கூடும். இவங்க அதைப் போடல. ஃப்ளைவீலையும் முன்பக்கப் புல்லியையும் வேணும்னே சமநிலை தப்பச் செஞ்சு, ஆட்டம் உறுத்தாத திசைக்குத் திருப்பிட்டாங்க. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே வார்த்துட்டாங்க. பிளாக் மட்டும் அலுமினியம் இல்ல, வார்ப்பிரும்பு. சீக்கிரம் சூடேறணும்னுதான்.

நம்ம ஊருக்கு 2013-ல் எக்கோஸ்போர்ட்டோட வந்தது. 125 பிஎஸ் பவர், 170 நியூட்டன் மீட்டர் டார்க். அந்த டார்க் 1400 ஆர்பிஎம்லயே கிடைச்சிடும், 4500 வரைக்கும் குறையாது. அதே வண்டியில வந்த 1.5 லிட்டர் சாதா பெட்ரோலுக்கு 140 தான், அதுவும் 4400-ல. ஓட்டினவங்களுக்கு வித்தியாசம் தெரியும். செங்கல்பட்டு தாண்டி ஒரு லாரியை முந்தணும்னா கியரை மாத்தாமலே போயிடலாம். நாலு மீட்டருக்குள்ள நீளம், 1200 சிசிக்குள்ள இன்ஜின், அதனால வரியும் குறைவு.

இப்போ விஷயத்துக்கு வரேன். கேம்ஷாஃப்டைச் சுத்துற டைமிங் பெல்ட் பொதுவா இன்ஜினுக்கு வெளியே, காய்ஞ்ச இடத்துல இருக்கும். எண்ணெய் பட்டா ரப்பர் கெட்டுடும்னு அந்த பெல்ட்டுல ஒரு சொட்டு ஆயில் படாம பார்த்துப்பாங்க. இந்த இன்ஜின்ல அது ஆயிலுக்குள்ளேயே ஓடுது. உராய்வு குறையும், சத்தம் குறையும், எரிபொருள் கொஞ்சம் மிச்சம். அதுக்குன்னே தனி ரப்பர் கலவை, தனி ஆயில் தரம். ஆயில் பம்ப்பைச் சுத்தவும் கீழே இன்னொரு சின்ன பெல்ட், அதுவும் எண்ணெயில்தான்.

கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்தக் கணக்கு மொத்தமும் அந்த ஆயிலை நம்பி இருக்கு. ஃபோர்டு சொன்னது 5டபிள்யூ-20, அதுவும் அவங்க குறிப்பிட்ட தரத்துல. கடையில கையில கிடைச்ச 10டபிள்யூ-40-ஐ ஊத்தினா வண்டி உடனே நின்னுடாது. ஓடும். அதுதான் சிக்கலே. பெல்ட் மெதுவா ஊறி, விரிசல் விட்டு, துகள் துகளா உதிரும். தினமும் ரெண்டு கிலோமீட்டர் மட்டும் ஓட்டுற வண்டியிலயும் இதே கதைதான், ஏன்னா சூடேறாத இன்ஜின்ல பெட்ரோல் வழிஞ்சு ஆயில்ல கலக்கும், அதுவும் ரப்பரைத் தின்னும்.

உதிர்ந்த துகள் எங்கே போகும்? கீழே ஆயிலை உறிஞ்சுற சல்லடைக்குப் போய் அடைச்சுக்கும். ஆயில் பிரஷர் விழும். சிவப்பு விளக்கு எரியறப்போ டர்போவும் பேரிங்கும் ஏற்கெனவே அடி வாங்கியிருக்கும். பெல்ட் அறுந்துதான் இன்ஜின் போகணும்னு இல்ல, அறுறதுக்கு முன்னாடியே போயிடலாம்.

ஐரோப்பாவில் ஆரம்பத்துல பெல்ட் மாத்த 10 வருஷம் அல்லது சுமார் 2,40,000 கிலோமீட்டர்னு சொன்னாங்க. கிலோமீட்டரை விடுங்க, வருஷத்தைப் பாருங்க. 2014 வண்டி அந்தப் பத்தைத் தாண்டியாச்சு. அப்புறம் 2023 டிசம்பர்ல அமெரிக்காவில் ஒரு ரீகால் வந்தது. 2016 முதல் 2018 வரை ஃபோகஸ், 2018 முதல் 2022 வரை எக்கோஸ்போர்ட், மொத்தம் 1,39,730 வண்டிகள். அந்த ஆயில் பம்ப் பெல்ட்டோட டென்ஷனர் உடையலாம், பிரஷர் போய் இன்ஜின் நின்னு, பிரேக்குக்கான பூஸ்டர் உதவியும் போயிடலாம்னு காரணம் சொன்னாங்க. அமெரிக்காவுக்குப் போன அந்த எக்கோஸ்போர்ட் எல்லாம் நம்ம மறைமலைநகர்ல செஞ்சது. பின்னாடி வந்த பதிப்புகள்ல ஃபோர்டே டைமிங்குக்குச் செயினுக்கு மாறிட்டாங்க. இதுக்கு மேல நான் தீர்ப்பு சொல்லத் தேவையில்ல.

அதுக்காக இது மோசமான இன்ஜின்னு சொல்ல மாட்டேன். சரியான ஆயில், புத்தகத்துல சொன்னதை விடச் சீக்கிரமே மாத்துறது, பத்து வருஷத்துக்குள்ள ரெண்டு பெல்ட்டும் புதுசு. இப்படி வெச்சிருக்கிறவங்க சந்தோஷமா ஓட்டிட்டு இருக்காங்க. ஆனா முதல் ஓனர் கையில அந்த ஒழுக்கம் இருந்ததான்னு ரெண்டாவது ஓனருக்கு எப்படித் தெரியும்? பில்லுல மட்டும்தான்.

தம்பியோட நானும் போனேன். வண்டி பளபளன்னு இருந்தது, ஸ்டார்ட் ஆனா சத்தமே இல்ல. சர்வீஸ் பில் கேட்டோம். விக்கிறவர், "எல்லாம் டைமுக்குப் பண்ணியிருக்கு சார், பேப்பர்தான் வீடு மாறினப்போ போயிடுச்சு"ன்னார். பெல்ட் மாத்தினீங்களான்னு கேட்டேன். "இந்த வண்டிக்குப் பெல்ட்டே கிடையாது சார், செயின்." சரி, எங்க செலவுல சம்ப் கழட்டி அந்தச் சல்லடையை மட்டும் பார்த்துடறோம், மூடி பழையபடி கொடுத்துடறோம்னு சொன்னோம். ஒத்துக்கல. தம்பிக்கு முகம் வாடிப்போச்சு, கலர் அவ்வளவு புடிச்சிருந்தது அவனுக்கு. திரும்பி வந்துட்டோம்.

ரெண்டு வாரத்துல அந்த வண்டி வித்துப்போச்சு. கருநீலம், 2014. வாங்கினவர் ஒருவேளை இதைக் கேட்டுட்டு இருந்தீங்கன்னா, நாளைக்கே ஒரு நல்ல மெக்கானிக்கிட்ட விட்டு சம்ப்பைக் கழட்டச் சொல்லுங்க.