ஈரக் கையும் மின்கருவியும்



தீபாவளி நெருங்கினால் தெம்பனிஸ் புளோக்குகளில் வீட்டு வேலை களைகட்டிவிடும். ஒருவர் குளியலறைச் சுவரில் டிரில் பிடிப்பார். இன்னொருவர் பக்கத்திலேயே தரையைக் கழுவிக்கொண்டிருப்பார். தனித்தனியே பார்த்தால் இரண்டும் சாதாரண வேலைகள். ஒரே இடத்தில் சேரும்போது அதுவே உயிருக்கு ஆபத்து.

"பிளக்கில்தான் ஃபியூஸ் இருக்கிறதே!" என்பார்கள். அந்த ஃபியூஸ் காப்பது வயரை, மனிதரை அல்ல. 13 ஆம்பியர் வரை அது அசையாது. மனித உடலில் 10 மில்லியம்பியர் பாய்ந்தாலே சிலருக்குக் கைத்தசை இறுகி, பிடித்த கருவியை விட முடியாமல் போகும். 13 ஆம்பியரில் அது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. கையும் காலும் ஈரமாக இருந்தால், 230 வோல்ட் மின்சாரம் உடலுக்குள் எளிதில் நுழைந்துவிடும்.

மனிதரைக் காப்பது ஆர்சிசிபி எனப்படும் மின்கசிவுத் துண்டிப்பான். போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமா என்று அது கவனித்துக்கொண்டே இருக்கும். உடல் வழியாகத் தரைக்குக் கசிந்தால் கணக்கு இடிக்கும். வித்தியாசம் 30 மில்லியம்பியரை எட்டினால், கண் இமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும்.

புதிய வீடுகளில் இது 1985 முதல் கட்டாயம். தெம்பனிசில் முதல் வீவக வீடுகளுக்கு மக்கள் குடிவந்ததோ 1980களின் முற்பகுதியில். பழைய வீடுகளும் ஆர்சிசிபி பொருத்த வேண்டும் என்ற விதி வந்து, இரண்டு ஆண்டு அவகாசம் 2025 ஜூலை 1ஆம் தேதி முடிந்தது. பழைய வீட்டில் வசிப்போர் மின்பெட்டியைத் திறந்து, 'டி' என்ற சோதனைப் பொத்தான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாதம் ஒருமுறை அதை அழுத்தினால் மின்சாரம் நின்றுபோக வேண்டும். நிற்காவிட்டால், உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைப்பதே வழி.

ஆர்சிசிபி இருக்கிறது என்று அலட்சியமாகவும் இருக்கக் கூடாது. ஒரு கை லைவ் கம்பியிலும் மறு கை நியூட்ரல் கம்பியிலும் பட்டால், அதற்குக் கசிவு தெரியாது. ஆகவே பழக்கமும் வேண்டும். முதலில் தரையைத் துடைத்து உலர்த்துங்கள்; பிறகு கருவியை எடுங்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டியை ஈரத் தரையில் வைக்காதீர்கள். வயரில் வெடிப்பு இருந்தால் டேப் சுற்றி ஒப்பேற்றாதீர்கள். நனைந்த கருவியைத் தொடுமுன் மின்சாரத்தை நிறுத்துங்கள். ஈரமான இடத்தில் பேட்டரி டிரில் எவ்வளவோ மேல்.

இன்னொன்றும் உண்டு. பல வீடுகளில் கருவியைப் பிடிப்பவர் வீட்டுக்காரர் அல்லர். கூலிக்கு வந்த ஊழியர் அல்லது பணிப்பெண். "சீக்கிரம் முடி" என்றால், ஈரத்தில் நின்றுகொண்டே முடிப்பார். தரை காயும்வரை பொறுக்கச் சொல்ல வேண்டியவர் வீட்டுக்காரர்தான்.

யாருக்காவது மின்சாரம் தாக்கினால் அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயின் சுவிட்சை அடையுங்கள். உடனே 995ஐ அழையுங்கள்.

பண்டிகைக்கு வீடு பளபளக்கட்டும். அந்தப் பண்டிகையைக் கொண்டாட வீட்டில் எல்லாரும் இருக்க வேண்டும்.