சாக்கடையும் நம் கோரிக்கையே



சுகாதாரம் என்றதும் டிரசர் தரும் மருந்தே நம் நினைவுக்கு வருகிறது. 1901-இல் போர்ட் சுவெட்டன்ஹாம், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகம், திறந்த உடனே மலேரியா தொழிலாளரை வாட்டியது. துறைமுகத்தை மூடிவிடலாமா என்ற பேச்சே எழுந்தது. கிள்ளான் மருத்துவர் மால்கம் வாட்சன் மருந்தோடு நிற்கவில்லை. சதுப்பு நீரை வடியவைக்கவும் காட்டை வெட்டவும் சொன்னார். அரசாங்கம் செய்தது, காய்ச்சல் தணிந்தது. 1911-இல் மலேரியா ஆலோசனை வாரியமும் அமைந்தது. நோயாளிகளை எண்ணுவது மட்டும் சுகாதார வாரியத்தின் வேலையன்று. நோய் பிறக்கும் இடத்தை அழிப்பதே அதன் வேலை.

இன்று நம்மை அதிகம் வாட்டுவது டெங்கி. சீவாத மரத்துப் பால் மங்கில் தேங்கும் மழைநீரிலும் அந்தக் கொசு முட்டையிடும். ஒரு காய்ச்சல் ஒரு குடும்பத்தின் மாத வருமானத்தையே குலைத்துவிடும். மங்கைக் கவிழ்த்து வைப்பது நம் கைவேலை. லயத்துச் சாக்கடையைச் சீராக வைப்பதும் குப்பையை அகற்றுவதும் நிர்வாகத்தின் கடமை. 1990-இல் வந்த தொழிலாளர் குடியிருப்புச் சட்டம் அதைச் சொல்கிறது. ஆகவே, சம்பளத்தோடு சாக்கடையையும் கோரிக்கைத் தாளில் எழுதுவோம். நிர்வாகம் அசையாவிட்டால் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கு ஒன்றுகூடிச் செல்வோம்.

வாழ்க தொழிலாளர் ஒற்றுமை!