இரண்டு கதவுக் கார்



சில வாரங்களுக்கு முன்னர் மஸ்கெலியா டவுணிலே ஒரு கடைச் சுவரில் ஒட்டியிருந்த சிறு துண்டு ஒன்று என்னை நிறுத்திவிட்டது. "விற்பனைக்கு. 1960 மொரிஸ் மைனர். இரண்டு கதவு. தோட்டத் துரை பாவித்தது. நல்ல நிலை." அவ்வளவுதான். கார் வாங்கும் வசதியும் எனக்கில்லை. இனி ஓட்டிப் பழகும் வயதும் இல்லை. ஆனாலும் இடத்தை விசாரித்துக்கொண்டு போனேன். அந்தக் காரின் பின் இருக்கையைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேசப் போகிறேன்.

இரண்டு கதவுக் கார் என்றதும் அமெரிக்கப் படங்கள் பார்த்தவர்களுக்கு வேறொரு காட்சி தோன்றும். 1964 ஏப்ரல் 17ஆம் திகதி நியூயோர்க் உலகக் கண்காட்சியில் ஃபோர்ட் கம்பனி 'மஸ்டாங்' என்ற காரை அறிமுகப்படுத்தியது. நீண்ட மூக்கு, குட்டையான பின்புறம், இரண்டே கதவு. இரண்டு ஆண்டுகள் முடியுமுன் பத்து இலட்சம் கார்கள் வெளிவந்துவிட்டன. அங்கே இரண்டு கதவு என்பது இளமைக்கும், நினைத்த திசையில் போகும் சுதந்திரத்துக்கும் அடையாளம். பின்னால் யார் இருப்பார்கள் என்று அதிகம் கவலைப்பட்டுச் செய்த கார் அல்ல அது.

எங்கள் மலைநாட்டுக்கு வந்த இரண்டு கதவுக் கார் வேறு சாதி. அலெக் இஸிகோனிஸ் என்பவர் வடிவமைத்த மொரிஸ் மைனர் 1948இல் லண்டன் கண்காட்சியில் வெளிவந்தது. மாதிரி வண்டி ஒடுக்கமாகத் தெரிகிறதென்று, அதை நெடுக்காக இரண்டாக அறுத்து நடுவிலே நாலு அங்குலம் கூட்டினார் அவர். பொனெட்டின் நடுவே ஓடும் மேடு அந்தத் தையலின் அடையாளம்தான். கம்பனி முதலாளி நஃபீல்ட் பிரபு அந்தக் காரை வெந்நீரில் உடைத்து ஊற்றிய முட்டைக்கு ஒப்பிட்டுப் பரிகசித்தாராம். அந்த முட்டை 1960 டிசம்பரில் பத்து இலட்சத்தைத் தொட்டது. பிரித்தானியக் கார்களில் அந்த எண்ணிக்கையை முதலில் எட்டியது அதுதான். நாலு கதவுள்ளதும் உண்டு. எங்கள் தோட்டத்தில் நின்றது இரண்டு கதவு.

அந்தக் காரைப் பன்னிரண்டு வருடம் கழுவித் துடைத்தவர் என் பெரியப்பா. பனி இறங்கும் விடியலில் பங்களாவுக்குப் போய், குளிர்ந்த நீரில் துணியை நனைத்துத் துடைப்பார். துரை சாவியைத் திருப்பியதும் பெற்றோல் பம்ப் 'டக், டக்' என்று அடிக்கும். அந்த ஓசை நின்றால் எண்ணெய் ஏறிவிட்டது என்று பெரியப்பா சொல்லுவார். குளிர் மிகுந்த நாளில் முன்னால் நின்று இரும்புக் கைபிடியைச் சுழற்றி எஞ்சினை எழுப்புவதும் அவர்தான். அந்தக் காலத்து மைனரில் திரும்பும் பக்கத்தைக் காட்ட, கதவருகிலிருந்து ஒரு சின்னக் கை வெளியே நீளும். அது சிக்கிக்கொண்டால் கோழி இறகில் எண்ணெய் தொட்டுத் தடவுவார். ஆனால் அந்தக் காருக்குள் அவர் ஒரு நாளும் அமர்ந்ததில்லை.

அந்தக் கார் ஓடிய பாதையில் ஒரு பகுதி இன்று தண்ணீருக்குள் கிடக்கிறது. 1960களின் பிற்பகுதியில் மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கம் கட்டப்பட்டபோது பழைய மஸ்கெலியா டவுண் மூழ்கியது. கடும் வரட்சியில் நீர் இறங்கினால் பழைய கோவிலின் கற்கள் தலைகாட்டும். சனம் வேடிக்கை பார்க்கப் போகும்.

டவுண் இடம் மாறியது போல மனிதரும் இடம் மாறினார்கள். மஸ்டாங் வந்த அதே 1964இல், ஒக்டோபர் 30ஆம் திகதி, சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்றார்கள். என் அப்பா ஒரு பக்கம் மனுப்போட்டார், பெரியப்பா மறுபக்கம்.

1972இல் பெரியப்பா புறப்பட்டார். துரை அன்று மனமிரங்கி, ஹட்டன் ஸ்டேசன் வரை காரைக் கொடுத்தார். முன்னால் சாரதியும், ஹட்டனில் அலுவல் இருந்த கிளாக்கர் ஐயாவும். பின்னால் பெரியப்பா, பெரியம்மா, நடுவிலே பத்து வயதுப் பையனாக நான். பெரியப்பா இருக்கையில் சாயவேயில்லை. தான் துடைத்த இருக்கை அழுக்காகிவிடும் என்பது போல நுனியில் குந்தியிருந்தார்.

ஸ்டேசன் வந்தது. கிளாக்கர் ஐயா இறங்கி, கதவைச் சாத்திவிட்டுத் தன் பாட்டில் போய்விட்டார். சாரதி தகரப் பெட்டியை இறக்கப் பின்னால் போனார். நாங்கள் மூவரும் உள்ளே இருந்தோம். இரண்டு கதவுக் காரில் பின்னால் இருப்பவருக்குக் கதவு கிடையாது. முன் இருக்கையைக் கவிழ்த்தால்தான் வழி. பிளாட்போமில் கோச்சி வந்து நின்றது. "நான் தள்ளவா பெரியப்பா?" என்று கேட்டேன்.

"பொறு தம்பி. யாராச்சும் வந்து தொறப்பாங்க."

பன்னிரண்டு வருடம் அந்த இருக்கையைக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கூட்டியவர் அவர். எங்கே கை வைத்தால் அது மடங்கும் என்று அவரைவிடத் தெரிந்தவர் இல்லை. ஆனாலும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். கடைசியில் சாரதி வந்துதான் திறந்தார். பெரியப்பா தலைமன்னாருக்குப் போய், கப்பலேறி, இராமேஸ்வரம் கடந்து, கூடலூர்ப் பக்கம் மறுபடியும் தேயிலைக்கே போய்ச் சேர்ந்தார். அங்கேயே காலமானார்.

நேயர்களே, மைனர் பிறந்த 1948ஆம் ஆண்டை இன்னொரு முறை பாருங்கள். அதற்கு முந்திய ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸைச் சேர்ந்த ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். மஸ்கெலியாவுக்கு ஜி. ஆர். மோத்தா, தலவாக்கலைக்கு, நமது கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அதைத் தொடர்ந்து எங்கள் மக்களில் பெரும்பாலோரின் வாக்கும் போயிற்று. வண்டியை விட்டு இறக்கவில்லை. கொழுந்து வேண்டுமல்லவா? பின்னாலே இருத்திவைத்து, கதவில்லாமல் செய்தார்கள்.

பிறகு கதவு திறந்தது. 1988ஆம் ஆண்டுச் சட்டம், 2003ஆம் ஆண்டுச் சட்டம் என்று கட்டங்கட்டமாக எஞ்சியோருக்கும் பிரஜாவுரிமை வந்தது. முன்னால் இருந்தவர்கள் தாமாக இறங்கித் திறந்துவிட்டார்கள் என்று நான் சொல்லமாட்டேன். 1986 ஜனவரியில் தோட்டந்தோறும் வேலையை நிறுத்திப் பிரார்த்தனைக்கு அமர்ந்தார்களே, அதுவும் இருக்கையைத் தள்ளிய கைதான். பெரியப்பாவின் கைக்குத் துணிவு வராததும், பின்னால் இவர்களுக்கு வந்ததும் ஒரே மலையில்தான்.

காருக்கு வருகிறேன். விற்பவர் ஒரு இளைஞர், நல்ல பிள்ளை. விலையைக் கேட்டு மலைத்தேன். 1960களின் தொடக்கத்திலிருந்தே அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்த நாடு இது. இருந்ததைப் பழுதுபார்த்தே ஓட்டினோம். நமது பாஸ்மாரின் கைத்திறன் எவ்வளவென்றால், இங்கிலாந்தில் பாத் நகரில் மொரிஸ் மைனருக்கென்றே நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயார், 1990களில் அந்தக் காரின் உதிரிப்பாகங்களை இலங்கையிலே செய்விக்க ஏற்பாடு செய்தார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025இல்தான் தனியார் வாகனங்களுக்கு வழி திறந்தது. பழைய காருக்கு மவுசு ஏறாதா?

எங்கள் தோட்டத்துக் கார்தானா அது? எனக்குத் தெரியாது. இலக்கம் மனத்தில் இல்லை. பின்னால் ஏறிப் பார்க்கலாமா என்று கேட்டேன். ஏறினேன். சாய்ந்து அமர்ந்தேன். அவர் தொலைபேசியில் பேசிக்கொண்டு அப்பால் போனார். சற்று நேரம் இருந்துவிட்டு, முன் இருக்கையை நானே கவிழ்த்துக் கதவைத் திறந்து இறங்கினேன்.

புறப்படும்போது சொன்னேன்: "தம்பி, துரை பாவித்ததென்று போட்டிருக்கிறீர்கள். துரை பாவித்த காரென்றால் அதைத் தினம் கழுவித் துடைத்த ஒருவரும் இருந்திருப்பார். அதையும் ஒரு வரி சேர்த்துப் போடலாமே."

அவர் சிரித்தார். "அதப் போட்டா வெல கூடாதே ஐயா."

கூடாதுதான். ஆனால் அறுபது வருடம் துரு ஏறாமல் ஒரு கார் நிற்பது துரை பாவித்ததனால் அல்ல என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பஸ் வந்துவிட்டது. அதனால்தான் உங்களிடம் சொன்னேன்.