விருப்பமா, நிர்ப்பந்தமா?

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



பிரிட்டிஷ் மக்களவையில் கிம் லெட்பீட்டர் என்ற உறுப்பினர் 2024-இல் ஒரு தனிநபர் மசோதா கொண்டு வந்தார். ஆறு மாதத்துக்குள் மரணம் நேரும் என்று எதிர்பார்க்கப்படும் நிலையில் இருக்கும் நோயாளி தாமே கேட்டால், உயிர் துறக்க மருத்துவர் உதவலாம் என்பது அதன் சாரம்.

கொறடா உத்தரவு இல்லை. அவரவர் மனச்சாட்சியே உத்தரவு. நவம்பர் 29 அன்று ஆதரவு 330, எதிர்ப்பு 275. பிறகு ஒரு குழு சாட்சியம் கேட்டது; ஷரத்து ஷரத்தாக அலசியது. உயர் நீதிமன்ற நீதிபதியின் ஒப்புதல் என்றிருந்தது போய், வழக்கறிஞர், மனநல மருத்துவர், சமூகப் பணியாளர் மூவர் குழு வந்தது. காவல் கூடியதா, குறைந்ததா என்று வாதம் மூண்டது. 2025 ஜூன் 20-இல் மக்களவை மசோதாவை நிறைவேற்றியது. ஆனால் 314-க்கு 291. ஐம்பத்தைந்து வாக்கு வித்தியாசம் இருபத்து மூன்றாகச் சுருங்கியது!

துடித்துச் சாகிறவருக்கு இந்த உரிமைகூட இல்லையா என்றனர் ஒரு சாரார். பிள்ளைகளுக்குப் பாரமாகிவிட்டோமே என்று ஒரு மூதாட்டி சாவைக் கேட்டால் அது விருப்பமா, நிர்ப்பந்தமா என்றனர் மறு சாரார். இரண்டும் நியாயமான கேள்விகளே.

நம் நாட்டில் 2018-இல் செயற்கை உயிர்காப்புக் கருவிகளை மறுக்கும் உரிமையை ஏற்றது உச்ச நீதிமன்றம்; நாடாளுமன்றம் அல்ல. பிழைக்க வந்த நாம், பெற்றோரை ஊரில் தனியே விட்டு வந்திருக்கிறோம். 'போதும், என்னை விட்டுவிடு' என்று அவர்கள் சொன்னால், பேசுவது நோயா, ஆஸ்பத்திரி பில்லா? அதைப் பிரித்தறியாத சட்டம் எந்த நாட்டுக்கும் ஆகாது.