பெயர் நீக்கப்பட்ட மாணவன்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இம்மேடையில் பட்டம் பெற்றோரைப் பாராட்டினோம். தக்க செயலே. நானோ பள்ளிப் படிப்பை முடிக்காத ஒரு மாணவனைப் பற்றிப் பேச எழுந்துள்ளேன். அவன் நம் நாட்டினன் அல்லன். நான் பிறக்கும் முன்பே போர்க்களத்தில் மாண்டவன். ஆயினும் அவன் நமக்கு அயலான் அல்லன்.

அவன் பெயர் மில்டன் ஆலிவ். 1946 நவம்பர் 7ஆம் நாள் அமெரிக்காவின் சிகாகோ நகரில் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தான். பிறந்த சில மணி நேரத்தில் தாயை இழந்தான். அந்நாளில் மிசிசிப்பி மாநிலத்தில் கறுப்பின மக்கள் வாக்காளராகப் பதிவு செய்யவே அஞ்சினர். 1964ஆம் ஆண்டுக் கோடையில் அங்கு அவர்களைப் பதிவு செய்யும் பணியில் அவன் ஈடுபட்டான். அவ்வாண்டே, 17ஆம் வயதில், உயர்நிலைப் பள்ளியை விட்டு இராணுவத்தில் சேர்ந்தான்.

1965 அக்டோபர் 22ஆம் நாள். வியட்நாம் காட்டில் அவனும் தோழர் நால்வரும் சென்றபோது, பகைவரின் கையெறி குண்டு நடுவே விழுந்தது. அவன் அதைக் கையிற் பற்றித் தன் உடலால் மூடிக்கொண்டான். நால்வரும் பிழைத்தனர். அவர்களுள் கறுப்பரும் இருந்தனர். வெள்ளையரான படைத்தலைவரும் இருந்தார். அவனுடைய 19ஆம் பிறந்த நாளுக்கு 16 நாள்களே இருந்தன.

1966 ஏப்ரல் 21ஆம் நாள், நாட்டின் மிக உயர்ந்த வீர விருதைக் குடியரசுத் தலைவர் ஜான்சன் அவன் தந்தையிடமும் சிற்றன்னையிடமும் அளித்தார்.

இளைஞர்களே, ஒன்றை எண்ணிப் பாருங்கள். கறுப்பின மக்களின் வாக்குரிமையைக் காக்கும் சட்டம் 1965 ஆகஸ்டில்தான் வந்தது. அன்று பெரும்பாலான மாநிலங்களில் வாக்களிக்கும் வயது 21. பிறரை வாக்காளராக்கப் பாடுபட்டவன், தான் ஒருமுறையும் வாக்களிக்காமலே மறைந்தான். உரிமை என்பது உயிரைக் கொடுத்துப் பெறும் கூலியன்று, பிறப்பிலேயே உரியது. நம் வரலாறும் இதையே சொல்கிறது. படையில் வீரம் காட்டிய மகர் மக்களுக்கே ஆங்கில அரசு 1890களில் படையின் கதவை அடைத்தது. வீரம் அவர்களைக் காக்கவில்லை. ஆனால் சுபேதார் இராம்ஜி தம் மகனைப் பள்ளிக்கு அனுப்பினார். அம்மகனே அண்ணல் அம்பேத்கர்.

ஆசிரியப் பணியில் எத்தனையோ முறை, நெடுநாள் வராத பிள்ளையின் பெயரை வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் அடித்திருக்கிறேன். அவன் வீட்டுக்குச் சென்று கேட்டது சில முறையே. இதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். படிப்பை முடிக்காத ஆலிவின் பெயரை இன்று சிகாகோவில் ஒரு கல்லூரி தாங்கி நிற்கிறது. நம் தெருவில் பள்ளியை விட்ட பிள்ளைகளுக்குள் எத்தகைய உள்ளம் இருக்கிறதென்று யார் அறிவார்? அதை அறிய அவர்கள் சாக வேண்டுமா?

ஆகவே என் வேண்டுகோள் ஒன்றே. உங்களுள் ஒவ்வொருவரும் அத்தகைய ஒரு பிள்ளையைத் தேடிச் சென்று, தனித்தேர்வராகவேனும் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதச் செய்யுங்கள். அப்பெயரை மீண்டும் ஏட்டில் எழுதுவோம்.