பழம்பெருமைக்குச் சீட்டு

(திருவண்ணாமலை ரமணாசிரமம் பகுதியில் நடந்த கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் உல்லாசப் பிரயாணத்தைப் பற்றியதாகும். "சுயமரியாதைக்காரர்களுக்கு உல்லாசப் பிரயாணத்தைப் பற்றி என்ன பேச்சு? இவர்கள் கோயிலையும் புராணத்தையும் பற்றியல்லவா பேசுவார்கள்!" என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். ஆனால் இந்த ஊர்க்காரர்களுக்கு இதைவிட அவசியமான விஷயம் வேறொன்றில்லை என்பது நமது அபிப்பிராயம். ஏனென்றால் உங்கள் ஊரே ஒரு காட்சிச்சாலையாக இருந்து வருகிறது. பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கான ஜனங்கள் வந்து 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றி நடந்துவிட்டுப் போகிறார்கள். இந்த ஆசிரமத்தைச் சுற்றி வெளிநாட்டார் நடமாட்டம் எப்போதும் இருக்கிறது. வந்தவர்கள் 217 அடிக் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள், மலைக் குகையைப் பார்க்கிறார்கள், "ஆகா, என்ன பழமை! என்ன பெருமை!" என்று சொல்லிக்கொண்டு ரயிலோ பஸ்ஸோ ஏறிவிடுகிறார்கள். இவர்களுக்குக் காட்டப்படுவது எது, காட்டப்படாமல் மறைக்கப்படுவது எது என்பதுதான் இன்று நாம் கேட்கிற கேள்வி.

இதைச் சொல்லுவதற்கு, சமீபத்தில் நாம் போய்ப் பார்த்த வேறோர் இடத்தைப் பற்றி முதலில் சொல்ல வேண்டியதாயிருக்கிறது. சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு என்று ஓர் ஊர். அங்கே சுமார் 10 ஏக்கர் நிலத்தில் தக்ஷிணசித்ரா என்கிற கண்காட்சிக் கிராமம் ஒன்று இருக்கிறது. 1984ல் ஏற்பட்ட மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் என்ற ஸ்தாபனத்தார் அதை 1996ல் திறந்து வைத்தார்கள். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய இடங்களில் இருந்த பழைய வீடுகளைத் தூண் வேறு, கதவு வேறு, உத்திரம் வேறாகக் கழற்றிக் கொண்டுவந்து, மறுபடியும் அப்படியே கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். சீட்டு வாங்கிக்கொண்டு யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். நாமும் சில தோழர்களோடு போய் ஒரு பகல் பூராவும் சுற்றிப் பார்த்தோம்.

தோழர்களே! நாம் எதைக் கண்டாலும் குற்றம் சொல்லுகிறவர்கள் என்று நமது எதிரிகள் சொல்லுவதுண்டு. அதனால் முதலில் அங்குள்ள நல்லதையே சொல்லிவிடுகிறோம். செட்டிநாட்டு வீட்டின் மரவேலையைப் பார்த்தோம். பட்டு நெசவாளியின் தறியைப் பார்த்தோம். உழவன் வீடு, குயவன் வீடு, கூடை முடைகிறவன் வீடு எல்லாம் பார்த்தோம். வெயில் கொளுத்துகிற நேரத்தில் அந்த வீடுகளின் முற்றத்தில் காற்று வருகிறது. மழைத் தண்ணீர் வீட்டுக்குள் தேங்காமல் ஓடிப்போகிறது. இதையெல்லாம் யார் கண்டுபிடித்தது? எந்த ரிஷி தவமிருந்து கண்டுபிடித்தான்? எந்த வேதத்தில் சுருதி சொல்லியிருக்கிறது? தச்சனும், கொல்லனும், கொத்தனும், குயவனும் தங்கள் கையாலும் புத்தியாலும் கண்டுபிடித்தார்கள். பள்ளிக்கூடத்து வாசற்படியை மிதிக்கக்கூடாது என்று தடுத்து வைக்கப்பட்டிருந்தவர்களின் புத்தி அது! அதைப் பாதுகாத்து வைத்தது நல்ல காரியமே.

நிற்க. அந்த வீடுகள் பேசாமல் மறைக்கிற சங்கதி ஒன்று இருக்கிறது. வீட்டைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள், அந்த வீடு இருந்த தெருவைத் தூக்கிக்கொண்டு வர முடியாது. தெரு இல்லாவிட்டால் அந்த வீட்டின் அர்த்தம் பாதி மறைந்து போகிறது. எந்தத் தெருவில் யார் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தான், யார் அந்தத் தெருவுக்கே வரக்கூடாது, கூடை முடைந்தவன் தன் கூடையை எந்த இடத்தில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும் என்பதெல்லாம் தூணிலும் எழுதியில்லை, கதவிலும் செதுக்கியில்லை. வீட்டுக்குள்ளேயே எடுத்துக்கொண்டாலும், முன்கட்டுத் திண்ணை ஆண்பிள்ளைக்கு, பின்கட்டுப் புகை பெண்பிள்ளைக்கு. தலையை மொட்டையடித்து மூலையில் உட்கார வைக்கப்பட்ட விதவை எந்த அறையில் இருந்தாள்? மாதத்தில் மூன்று நாள் பெண்கள் எந்த இடத்தில் ஒதுங்கிக் கிடந்தார்கள்? பார்க்க வந்தவர்கள் தூணைத் தடவிப் பார்த்து, படம் பிடித்துக்கொண்டு, "அந்தக் காலத்தில் எவ்வளவு நிம்மதியாக வாழ்ந்தார்கள்!" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். யார் நிம்மதியாக வாழ்ந்தார்கள் என்று கேட்பாரில்லை.

அங்கே திருநெல்வேலிப் பக்கத்து அக்கிரகார வீடு ஒன்றும் இருக்கிறது. நாம் அந்த வீட்டுக்குள் தாராளமாகப் போனோம். திண்ணை, ரேழி, கூடம் என்று ஒன்று விடாமல் பார்த்தோம். நம்மோடு வந்த தோழர்களில் ஆதிதிராவிடத் தோழரும் உண்டு. "நீ யார்? என்ன ஜாதி?" என்று ஒருவரும் கேட்கவில்லை. கையில் சீட்டு இருக்கிறதா என்பது ஒன்றே கேள்வி. அப்போது நமக்குத் தோன்றியது இது: இந்த வீடு அதன் சொந்த ஊரில், சொந்தத் தெருவில் நின்றபோது இந்தத் தோழர் இதன் வாசல் வரையிலாவது வந்திருக்க முடியுமா? 1924ல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் மனிதன் நடப்பதற்காக, பெரியார் உட்பட எத்தனை பேர் ஜெயிலுக்குப் போக வேண்டியிருந்தது! அதே திருநெல்வேலி ஜில்லாச் சேரமாதேவியில், காங்கிரஸ் பணம் வாங்கி நடந்த குருகுலத்தில், பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிச் சாப்பாடு என்று 1924, 25ல் எவ்வளவு பெரிய கிளர்ச்சி நடந்தது! ஆகவே, அக்கிரகார வீட்டுக்குள் எல்லோரும் நுழைய வேண்டுமானால் முதலில் அந்த வீடு தன் தெருவை விட்டுப் பெயர்ந்து, செத்து, கண்காட்சிப் பொருளாக ஆக வேண்டியிருந்தது என்பதை நீங்கள் யோசித்துப் பாருங்கள்.

எங்கேயோ திருநெல்வேலிக்கும் வைக்கத்துக்கும் போவானேன்? நாம் நின்று பேசுகிற இந்த இடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன் என்ற பையன் 1896ல் இந்த ஊருக்கு வந்து, ரமண மகரிஷி என்று பேர் பெற்று, 1950ல் இறந்தார். அவர் ஜனங்களுக்குச் சொன்னதெல்லாம் "நான் யார்?" என்று தனக்குத் தானே கேட்டுப் பார் என்பதாகும். அது அவருடைய கொள்கை. விரும்புகிறவர்கள் கேட்டுப் பார்க்கட்டும். ஆனால் அவர் உயிரோடு இருந்த காலத்திலேயே இந்த ஆசிரமத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் பார்ப்பனர் ஒரு பக்கம், பார்ப்பனரல்லாதார் மறு பக்கம், நடுவில் தடுப்பு என்று இலை போடப்பட்டதாக அவருடைய பக்தர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். இரண்டு பக்கத்தாரும் தம்மைப் பார்க்கும்படியாக அவர் உட்கார்ந்திருந்தார் என்று அதையும் ஒரு பெருமையாகச் சொல்லுகிறார்கள். கூடத்தில் உட்கார்ந்து "நான் யார்?" என்று கேட்கச் சொல்லிவிட்டு, இலை முன்னால் வந்ததும் "நீ என்ன ஜாதி?" என்று கேட்டால் அந்த ஞானத்துக்கு என்ன பெயர்? ஆத்மாவுக்கு ஜாதி இல்லை, சாம்பாருக்கு மாத்திரம் உண்டா? கடல் தாண்டி இங்கே வருகிற பிரயாணிகளுக்கு இந்தச் சங்கதியை எடுத்துச் சொல்லுகிறவர்கள் எத்தனை பேர்?

"இதெல்லாம் பழைய கதை, ஆறிப்போன புண்ணை ஏன் கிளறுகிறீர்கள்?" என்று சிலர் கேட்கிறார்கள். ஆறியிருந்தால் கிளற நமக்கு என்ன பைத்தியமா? இந்த ஜில்லாவில் தண்டராம்பட்டுப் பக்கத்தில் தென்முடியனூர் என்ற கிராமம் இருக்கிறது. அங்குள்ள முத்துமாரியம்மன் கோயிலுக்குள் ஆதிதிராவிட மக்கள் முதன்முதலாகப் போனது எப்போது தெரியுமா? 2023ஆம் வருஷம் ஜனவரி 30ந் தேதி! ஜில்லா அதிகாரிகள் முன்னே போக, போலீஸ் படை சுற்றி நிற்க, பொங்கல் பானையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுச் சட்டம் 1947ல் வந்தது. சட்டத்துக்கும் அந்தப் பொங்கல் பானைக்கும் நடுவில் 76 வருஷம்! கடவுள் இல்லை என்கிற நமக்குக் கோயிலுக்குள் போக வேண்டிய வேலை கிடையாது. ஆனால் போக விரும்புகிற ஒரு மனிதனை, நீ பிறந்த ஜாதியால் போகக்கூடாது என்று சொன்னால், அது சாமி சங்கதி அல்ல, மான சங்கதி.

இன்னும் கேளுங்கள். எல்லா ஜாதியாரும் அர்ச்சகராகலாம் என்று 2006ல் சர்க்கார் உத்தரவு போட்டார்கள். அதன்படி ஏற்பட்ட அர்ச்சகர் பயிற்சிப் பள்ளிகளில் ஒன்று உங்கள் திருவண்ணாமலையில்தான் நடந்தது. எல்லாப் பள்ளிகளிலுமாக இருநூறு பேருக்கு மேல் மந்திரமும் பூசையும் ஒழுங்காகப் படித்துத் தேறினார்கள். படித்தவர்களை உள்ளே விடக்கூடாது என்பதற்கு எதிரிகள் கோர்ட்டில் சொன்ன காரணம் என்ன? ஆகமம், மரபு, பரம்பரை வழக்கம்! 2021 ஆகஸ்டில் அவர்களில் 24 பேருக்கு வேலை கொடுப்பதற்குள் எத்தனையோ பேருக்கு வாலிபமே போய்விட்டது. பாருங்கள் தோழர்களே, "மரபு" என்கிற வார்த்தை முட்டுக்காட்டில் கண்ணுக்குக் குளிர்ச்சியான தூணாக இருக்கிறது; இங்கே அதே வார்த்தை கதவில் பூட்டாகத் தொங்குகிறது.

மேல்நாட்டாரும் இப்படிக் கண்காட்சிக் கிராமம் வைத்திருக்கிறார்கள். ஸ்வீடன் தேசத்தில் ஸ்டாக்ஹோம் நகரத்தில் 1891லேயே ஸ்கான்சென் என்ற இடத்தில், அர்தர் ஹசேலியஸ் என்பவர் பழைய குடியானவர் வீடுகளையெல்லாம் கொண்டுவந்து நிறுத்தினார். இயந்திரத் தொழில் வந்து பழைய வாழ்க்கை அழிந்துகொண்டிருந்தது. அழிந்துபோவதன் ஞாபகத்தை வைத்தார். அதில் நியாயம் உண்டு. நம் நாட்டிலோ வீடு செத்தது, ஜாதி சாகவில்லை. செத்ததைப் பொருட்காட்சியில் வைத்துக்கொண்டு, சாகாததை ஊரில் உலவ விட்டிருக்கிறோம்!

தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க் நகரத்தில் 2001ல் நிறவெறியைப் பற்றிய ஒரு பொருட்காட்சிசாலை திறந்தார்கள். அங்கே சீட்டு வாங்குகிறவனுக்கு, அவன் எந்த நிறத்தவனானாலும் சரி, "வெள்ளையர்" என்றோ "வெள்ளையரல்லாதார்" என்றோ கைக்கு வந்தபடி ஒரு சீட்டுக் கிடைக்கிறது. அந்தச் சீட்டுப்படி தனித்தனி வாசலில்தான் நுழைய வேண்டும். வெள்ளைக்காரப் பிரபு வெள்ளையரல்லாதார் வாசலில் நுழைகிறான்! ஒரு நிமிஷம் அந்த வாசலில் நிற்கும்போது அவனுக்கு உண்டாகிற கூச்சம், நூறு புஸ்தகம் படித்தாலும் உண்டாகாது. தன் தேசத்துப் பெருமையோடு தன் தேசத்து வெட்கத்தையும் காட்டத் துணிகிறவனுக்குத்தான் இனி அந்த வெட்கத்தைச் செய்யமாட்டேன் என்ற உறுதி இருக்கும்.

ஆகவே, கண்காட்சிகளை மூட வேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. இன்னும் இரண்டு பொருளைச் சேர்த்து வையுங்கள் என்கிறோம். செட்டிநாட்டுத் தூணுக்குப் பக்கத்தில், டீக்கடையில் ஒரு ஜாதிக்கென்று தனியாக வைத்த குவளையைக் கண்ணாடிப் பெட்டியில் வையுங்கள். அக்கிரகார வீட்டுக்கு முன்னால், இந்த எல்லைக்கு இப்பால் இன்னின்னார் வரக்கூடாது என்று நிறுத்தப்பட்ட இடத்தில் ஒரு கோடு கிழித்து வையுங்கள். குழந்தைகள் பார்த்துவிட்டு, "அப்பா, இது என்ன?" என்று கேட்கட்டும். பதில் சொல்ல முடியாமல் அப்பன் தலை குனியட்டும். அவ்வாறே, தறியையும் சக்கரத்தையும் கண்காட்சியோடு நிறுத்தாமல், நெய்கிறவனுக்கும் வனைகிறவனுக்கும் வயிறார வாழ வழி செய்யுங்கள். கைத்தொழில் ஊரில் வாழ வேண்டும். ஜாதி பொருட்காட்சிக்குப் போக வேண்டும். இப்போது இருப்பதோ நேர் தலைகீழ்.

திருவண்ணாமலைத் தோழர்களே! உங்களில் பலர் பிரயாணிகளுக்கு அறை விடுகிறீர்கள், வண்டி ஓட்டுகிறீர்கள், வழி காட்டுகிறீர்கள். வருகிறவர்களுக்குக் கோபுரத்தின் உயரத்தைச் சொல்லும்போது, அதற்குக் கல் சுமந்தவன் யார் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆசிரமத்தைக் காட்டும்போது சாப்பாட்டுக் கூடத்தின் பழைய தடுப்பையும் பற்றிச் சொல்லுங்கள். தென்முடியனூர் எந்தத் திக்கில் இருக்கிறது என்று கை நீட்டிக் காட்டுங்கள். நீங்கள் குழந்தை குட்டிகளோடு எந்தப் பழைய இடத்தைப் பார்க்கப் போனாலும் மூன்று கேள்வி கேளுங்கள்: இதைக் கட்டியவன் யார்? இதற்குள் வரக்கூடாது என்று தடுக்கப்பட்டவன் யார்? அந்தத் தடை இன்றைக்கு எந்த ரூபத்தில் இருக்கிறது? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்துகொண்டு, பிறகு அந்தப் பழமை பெருமையா, சிறுமையா என்று உங்கள் சொந்தப் புத்தியைக் கொண்டு முடிவு செய்யுங்கள். நாம் சொன்னோம் என்பதற்காக ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டாம்.