கைதியின் மனுவை யார் பிரிப்பது?

(சிந்தாதிரிப்பேட்டையில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



இந்தக் கூட்டத்தைச் சிந்தாதிரிப்பேட்டையில் வைத்தது பொருத்தம். இங்கிருந்து கூவத்தைத் தாண்டி சென்ட்ரல் பக்கம் நடந்தால் பழைய மத்திய சிறை இருந்த இடம் வந்துவிடும். 1837 முதல் இருந்த சிறை. 2006-ல் கைதிகளைப் புழலுக்குக் கொண்டுபோனார்கள். 2009-ல் கட்டிடத்தை இடித்தார்கள். இன்றைக்கு அங்கே மருத்துவக் கல்லூரிக் கட்டிடம் நிற்கிறது. இந்தப் பக்கத்துப் பெண்கள் நடந்தே போய் 'மனு போட்டு' மகனையும் புருஷனையும் பார்த்துவிட்டு வந்த சிறை அது. இப்போது ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் புழலுக்குப் போக வேண்டும்.

மனு என்கிற சொல்லை நம் ஜனங்கள் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். கலெக்டர் ஆபீஸில் கொடுப்பது மனு. ஜெயிலில் ஆளைப் பார்ப்பதும் மனு. மூன்றாவது ஒரு மனு இருக்கிறார், அவரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முதல் மனு கைதியின் கையிலிருந்து கிளம்பி எங்கே போகிறது, அதை யார் பிரிக்கிறார்கள், பிரித்த பிறகு விசாரிக்க வருவது யார் என்பதுதான் இன்றைக்கு என் பேச்சு. அந்த வழியில் மூன்றாவது மனு எங்கெல்லாம் உட்கார்ந்திருக்கிறார் என்றும் பார்ப்போம்.

நான் வங்கியில் குமாஸ்தா. எனக்குத் தெரிந்த இடத்திலிருந்தே தொடங்குகிறேன். வங்கியில் ஸ்ட்ராங் ரூமுக்கு இரண்டு சாவி. இரண்டும் ஒருத்தரிடம் இருக்கக் கூடாது. வவுச்சர் எழுதுற கை வேற, பாஸ் பண்ற கை வேற. எல்லாரும் திருடன் என்பதால் இப்படி வைக்கவில்லை. யாரையும் தன் கணக்கைத் தானே சரிபார்க்க விடக் கூடாது என்பதால் வைத்தார்கள். வாடிக்கையாளர் புகாருக்கும் இதே ஏற்பாடுதான். ஏ.டி.எம்.மில் ஐந்நூறு ரூபாய் வராமலே கணக்கில் கழிந்துவிட்டால் வங்கிக்கு எழுதலாம். முப்பது நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். 1995-லிருந்து இந்த ஏற்பாடு இருக்கிறது. 2021-ல் எல்லாத் திட்டங்களையும் சேர்த்து ஒன்றாக்கினார்கள்.

ஐந்நூறு ரூபாய்க்கு இரண்டாவது சாவி வைத்த இந்த அரசு, கைதியின் முதுகெலும்புக்கு என்ன வைத்திருக்கிறது?

கொட்டடியில் அடி வாங்கினவன் எழுதணும்னா பேனாவும் பேப்பரும் வார்டரிடம் கேட்கணும். எழுதினதை வார்டர்கிட்டயே கொடுக்கணும். வார்டர் ஜெயிலரிடம், ஜெயிலர் சூப்பிரண்டிடம். அடிச்சவன் கையைத் தாண்டாம மனு வெளியே போகாது. இதை மாற்றச் சொல்லி உச்ச நீதிமன்றமே 1979-ல் உத்தரவு போட்டது. சுனில் பத்ரா வழக்கு. திகார் சிறையில் தூக்குத் தண்டனைக் கைதியாக இருந்த பத்ரா, தனக்காக எழுதவில்லை. பிரேம்சந்த் என்கிற இன்னொரு கைதியை ஒரு தலைமை வார்டர் பணம் கேட்டுச் சித்திரவதை செய்ததைக் கடிதமாக நீதிபதிக்கு எழுதினார். கடிதத்தையே வழக்காக எடுத்துக்கொண்டார்கள். சிட்டலே, முகுல் முட்கல் என்ற இரண்டு வழக்கறிஞர்களைச் சிறைக்குள் அனுப்பினார்கள். கைதியைப் பார்க்கவும், ஆவணங்களைப் பார்க்கவும், சாட்சிகளைக் கேட்கவும் அவர்களுக்கு அதிகாரம் தரப்பட்டது. ஆசனவாயில் கொடுங்காயம். சிறைத் தரப்பு சொன்ன காரணங்களைக் கேளுங்கள்: கீழே விழுந்தான், தானே செய்துகொண்டான், மூலநோய். வெளியிலிருந்து இரண்டு பேர் உள்ளே போனதால்தான் அந்த மூலநோய் அம்பலமானது.

அந்தத் தீர்ப்பில் கிருஷ்ணய்யர் சொன்னவற்றில் ஒன்று, சிறைக்குள் புகார்ப் பெட்டி வைக்க வேண்டும் என்பது. அது மாவட்ட மாஜிஸ்திரேட், செஷன்ஸ் நீதிபதி ஆகியோரின் பொறுப்பில் இருக்க வேண்டும். அவர்கள் ஏற்பாட்டில்தான் திறக்க வேண்டும். அதாவது பெட்டி உள்ளே, சாவி வெளியே. தீர்ப்பு வந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. உங்கள் மாவட்டச் சிறையில் அந்தப் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது என்று இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் எத்தனை பேர் கேட்டிருப்போம்?

மனித உரிமை ஆணையம் இருக்கிறதே என்று சொல்வீர்கள். இருக்கிறது. 1993 சட்டப்படி தமிழ்நாட்டில் 1997-ல் வந்தது. சிறைக்குள் போய்ப் பார்க்கும் அதிகாரம் சட்டத்திலேயே உண்டு. முதலில் அரசுக்குத் தகவல் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்றிருந்தது, 2006 திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள். ஆணையத்தின் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2021-ல் சொன்னது. இவையெல்லாம் போராடி வந்தவை, குறைத்துப் பேசவில்லை. ஆனால் அதே சட்டத்தின் 27-வது பிரிவைப் படியுங்கள். மாநில ஆணையத்துக்கு அரசு கொடுக்க வேண்டிய விசாரணை ஆட்கள் யார்? ஐ.ஜி. தகுதிக்குக் குறையாத ஒரு போலீஸ் அதிகாரியின் கீழ் போலீஸ்காரர்கள். காக்கி அடித்ததைக் காக்கி விசாரிக்கும். அந்த அதிகாரி யோக்கியராகவே இருக்கட்டும். நாளைக்குத் திரும்பிப் போக வேண்டிய துறை எது? பிரமோஷன் எங்கிருந்து வரும்? வவுச்சர் எழுதின கையே பாஸ் பண்ணுகிற கதைதான் இது. இன்னொன்று, ஒரு வருஷம் தாண்டின புகாரை ஆணையம் விசாரிக்க முடியாது. உள்ளே இருக்கிற வரைக்கும் பயத்தில் வாயை மூடிக்கொண்டு, வெளியே வந்த பிறகு பேசுகிறவனுக்கு அந்தக் கதவு சாத்தப்பட்டிருக்கும்.

மற்ற நாடுகளில் இந்த அலுவலகம் எப்படி வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1971-ல் கனடாவின் கிங்ஸ்டன் சிறையில் கலவரம். அதற்குப் பிறகு 1973-ல் கைதிகளின் புகாரை விசாரிக்க மட்டும் தனி அலுவலகம் அமைத்தார்கள். கைதி அந்த அலுவலகத்துக்கு எழுதும் கடிதத்தைச் சிறைக்காரர்கள் பிரிக்கக் கூடாது என்பது 1992 சட்டத்தில் எழுதியிருக்கிறது. இங்கிலாந்தில் 1990-ல் ஸ்ட்ரேஞ்ச்வேஸ் சிறைக் கலவரம். நீதிபதி வுல்ஃப் விசாரித்து அறிக்கை கொடுத்தார். 1994-ல் சிறைகளுக்கான குறைதீர்ப்பாளர் வந்தார். இந்த அலுவலகங்களின் பரிந்துரைகளையும் அரசுகள் கிடப்பில் போடுவதுண்டு. ஆனால் புகாருக்கு வழி இல்லாத இடத்தில் அது தீயாக வெளியே வரும் என்ற பாடத்தையாவது படித்தார்கள்.

நமக்கும் அந்தப் பாடம் கூவத்துக்கு அந்தப் பக்கமே நடந்தது. 1999 நவம்பர் 17. குண்டர் சட்டத்தில் அடைக்கப்பட்டிருந்த ஒரு கைதி இறந்தார். சரியான சிகிச்சை கொடுக்கவில்லை என்று மற்றக் கைதிகள் கொதித்தார்கள். கலவரத்தில் ஒரு துணை ஜெயிலர் கொல்லப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் கைதிகள் செத்தார்கள். துணை ஜெயிலர் குடும்பத்துக்கும் அது இழப்புதான், அதையும் சேர்த்தே சொல்கிறேன். அவர்கள் கலவரத்துக்குப் பிறகு புகார் அலுவலகம் கட்டினார்கள். நாம் புழலில் பெரிய சிறை கட்டினோம்.

அதற்கு முன்பும் அந்தச் சிறையில் ஒரு விசாரணை நடந்திருக்கிறது. 1976-ல் மிசாக் கைதிகள் அடிக்கப்பட்டதை நீதிபதி மு.மு. இஸ்மாயில் ஆணையம் விசாரித்தது. மேயராகவும் எம்.பி.யாகவும் இருந்த சிட்டிபாபு 1977 ஜனவரியில் இறந்தே போனார். அந்த விசாரணை அவசியமானது. ஆனால் ஆட்சி மாறியதாலும், அடி வாங்கியவர்கள் தலைவர்களாக இருந்ததாலும்தான் ஆணையம் வந்தது. நம் சேரிப் பையனுக்கு எந்த ஆட்சி மாறினால் ஆணையம் வரும்? 2022 கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் விசாரணைக் கைதிகள், தண்டனை பெறாதவர்கள். ஜாமீனுக்கு ஆள் கிடைக்காதவர்கள்தான் இதில் எக்கச்சக்கம். அவர்கள் எந்தச் சாதி, எந்த வர்க்கம் என்று சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

இப்போது மூன்றாவது மனுவுக்கு வருகிறேன். சிறைக் கையேடுகளில் சாதி எழுத்திலேயே இருந்தது. சமையலுக்கு ஒரு சாதி, கக்கூஸ் கழுவ ஒரு சாதி. சுகன்யா சாந்தா என்ற பத்திரிகையாளர் 2020-ல் இதை எழுதினார், பிறகு அவரே வழக்குப் போட்டார். 2024 அக்டோபர் 3-ல் உச்ச நீதிமன்றம் அந்த விதிகளை ரத்து செய்தது. தீண்டாமையை ஒழித்த 17-வது பிரிவு சிறைக்குள்ளும் செல்லும் என்று சொல்ல, அரசியல் சட்டம் வந்து எழுபத்து நான்கு வருஷம் ஆகியிருக்கிறது.

அந்த வழக்கில் நம் பாளையங்கோட்டையும் இருந்தது. தேவர், நாடார், பள்ளர் என்று சாதிவாரியாகப் பிரித்து அடைத்த சிறை. 2014-ல் இதை எதிர்த்து ஒருவர் உயர் நீதிமன்றம் போனபோது, சாதி மோதலைத் தடுக்கத்தான் பிரித்திருக்கிறோம் என்று அரசு சொன்னது, நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. அந்த நிலைப்பாட்டைத்தான் 2024-ல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. இடையில் 2021 ஏப்ரலில் அதே சிறைக்குள் ஒரு தலித் இளைஞர் சக கைதிகளால் கொல்லப்பட்டார். உறவினர்கள் உடலை வாங்க மறுத்து வாரக்கணக்கில் போராடினார்கள்.

இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும். பிரித்து வைக்காவிட்டால் இன்னும் கொலை நடக்காதா? நேர்மையான கேள்வி, தட்டிவிட வேண்டாம். இன்னாரால் இன்னாருக்கு ஆபத்து என்று தெரிந்தால் அந்த இரண்டு பேரைப் பிரித்து வைப்பது சிறைக்காரர்களின் கடமை. வாசலிலேயே சாதி கேட்டு ஊர், சேரி பிரிப்பது வேறு. முதலாவது உயிரைக் காப்பாற்றும். இரண்டாவது ஊரில் உள்ள சுவரைச் சிறைக்குள்ளும் கட்டும். எவனுக்கு யாரால் ஆபத்து என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் கைதியின் புகாரைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

பதிவேட்டில் இருக்கும் சாதிக் கலத்தை நீக்கச் சொல்லிவிட்டது நீதிமன்றம். துடைப்பத்தை யார் கையில் கொடுப்பது என்பது பதிவேட்டைப் பார்த்து மட்டும் நடப்பதில்லை. ஊர்ப் பெயர், தெருப் பெயர், அப்பா பெயர் போதும். அதனால் விசாரிக்க வருகிறவருக்குச் சாதியைப் படிக்கத் தெரிய வேண்டும். சமையல் பட்டியலையும் துப்புரவுப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 'அவனே விரும்பித்தான் கூட்டுறான்' என்று ஜெயிலர் சொன்னால், மறுத்தவனுக்கு என்ன நடந்தது என்று அடுத்த கேள்வி கேட்க வேண்டும். சிறைக்கு வந்த அன்று மருத்துவர் எழுதின காயப் பட்டியலை இன்றைய உடம்போடு ஒப்பிட வேண்டும். தாமதமாகப் போனால் கன்றிப்போன தோல் பழைய நிறத்துக்கு வந்துவிடும். வார்டர் காதுக்கு எட்டாத இடத்தில் பேச வேண்டும். எல்லாவற்றையும்விட, ஒரு மாதம் கழித்து மறுபடி போக வேண்டும். புகார் கொடுத்தவனை வேறு சிறைக்கு மாற்றிவிட்டார்களா, மனுப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்களா என்பது அப்போதுதான் தெரியும்.

இது சுலபமான வேலை இல்லை. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் பென்னிக்ஸும் போலீஸ் சித்திரவதைக்குப் பின் கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்டு அடுத்தடுத்து இறந்தார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஒரு மாஜிஸ்திரேட்டைக் காவல் நிலையத்துக்கு அனுப்பியது. அவரையே ஒரு போலீஸ்காரர் இழிவாகப் பேசினார். கேமராப் பதிவுகள் தினமும் தானே அழியும்படி வைக்கப்பட்டிருந்தன. கடைசியில் ஒரு பெண் தலைமைக் காவலர் பயந்து பயந்து உண்மையைச் சொன்னார். அந்தக் காவல் நிலையத்தையே வருவாய்த் துறையின் பொறுப்பில் விட வேண்டி வந்தது. மாஜிஸ்திரேட்டுக்கே இந்தக் கதி என்றால், பின்பலம் இல்லாத ஒரு விசாரணையாளர் என்ன செய்வார்? எனவே அவருக்குச் சட்ட பலம் வேண்டும், துறைக்கு வெளியே சம்பளம் வேண்டும்.

விசாரணை என்ற சொல்லையே நம்மிடமிருந்து பிடுங்கிவிட்டார்கள். ஊரில் 'அம்மாவை விசாரிச்சேன்னு சொல்லு' என்றால் அது அன்பு. 'பையனை விசாரணைக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க' என்றால் வீட்டில் அழுகைச் சத்தம். கைதியிடம் போய் 'உனக்கு என்ன ஆச்சுப்பா' என்று கேட்கிற விசாரணையை நாம் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

எனவே கோரிக்கைகளைத் தெளிவாக வைப்போம். கைதிகளின் புகாரை விசாரிக்கத் தனி அலுவலகம் வேண்டும். அதில் போலீஸ்காரர், சிறைத் துறைக்காரர் இருக்கக் கூடாது. தேர்வு வைத்து, இட ஒதுக்கீட்டோடு, தலித்துகளும் பழங்குடிகளும் பெண்களும் விசாரணையாளர்களாக வர வேண்டும். கைதியின் கடிதம் பிரிக்கப்படாமல் போய்ச் சேர வேண்டும். அறிக்கைகள் வெளியிடப்பட வேண்டும்.

அது வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. 2024 தீர்ப்பு, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் சிறைப் பார்வையாளர் குழுவும் சேர்ந்து சாதிப் பாகுபாடு இருக்கிறதா என்று தொடர்ந்து ஆய்வு செய்யச் சொல்லியிருக்கிறது. உங்கள் மாவட்டத்தில் எத்தனை தடவை போனார்கள், என்ன எழுதினார்கள்? அலுவல்சாராப் பார்வையாளராக யாரை நியமித்திருக்கிறார்கள்? எல்லா மாவட்டத்திலும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். சட்டக் கல்லூரி மாணவர்கள் இங்கே நிறைய பேர் வந்திருக்கிறீர்கள். பத்து ரூபாய்க் கட்டணத்தில் செய்கிற வேலை இது. பதில் வராவிட்டால் மேல்முறையீடு போடுங்கள். வருகிற பதில்களையெல்லாம் இந்தப் பத்திரிகையிலேயே போடலாம்.

முதல் கேள்வியாக இதையே எழுதுங்கள்: இந்தச் சிறையில் புகார்ப் பெட்டி உண்டா, அதன் சாவி யாரிடம் இருக்கிறது, கடைசியாக அதை எந்தத் தேதியில் திறந்தார்கள்?